மிதிவண்டிப் பயிற்சி

மிதிவண்டி ஓட்டத் தெரியாத சிறுவர்களை நம் ஊர்களில் காண்பது அரிது. ஆனால், அதனை ஒருவர் முறையாகக் கற்பிக்கக் கற்ற சிறுவர்களைக் காண்பது அதனினும் அரிது. திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி வட்டத்தைச் சேர்ந்த கீரனூர் போன்ற பேரூர்களில், தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் மிதிவண்டி கற்ற முறை ஏறத்தாழ ஒன்றே. வாடகைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஒரு வண்டியை எடுத்து வருவர். அல்லது தந்தையார் உறங்கும் நேரம் பார்த்து, வாசலில் நிற்கும் வண்டியை ஓசையின்றித் தள்ளிக்கொண்டு செல்வர். வண்டியோ பெரிது, ஓட்டுபவனோ சிறியவன். இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாது. ஆகவே, வண்டிச் சட்டத்தின் முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்து, அரை வட்டமாக மிதித்து ஓட்டுவான். இதனைக் குரங்குப் பெடல் என்று கூறுவர். முழங்காலில் தோல் உரிவதும், முள்வேலியில் விழுவதும், வீட்டில் வசவு கேட்பதும் இக்கல்விக்கு அவர்கள் செலுத்திய கட்டணங்கள்.

இவ்வாறு கற்றவனும் வண்டி ஓட்டுவான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சில வினாக்களை அவனிடம் கேட்டுப் பாருங்கள். நினைத்த இடத்தில், ஒரு கோட்டின்மேல், வண்டியை நிறுத்த அவனுக்கு இயலுமா? வண்டி வளையாமல் பின்னால் திரும்பிப் பார்க்க இயலுமா? ஒரு கையை நீட்டிச் சைகை காட்டிக்கொண்டே மறு கையால் வண்டியை நேராகச் செலுத்த இயலுமா? நடந்து செல்வோரின் பின்னே, அவர்களுடைய நடையின் வேகத்திலேயே, காலை ஊன்றாமல் செல்ல இயலுமா? இவற்றுக்கெல்லாம் 'ஆம்' என்று விடை கூறுபவர் சிலரே ஆவர். வண்டியை ஓட்டத் தெரிவது வேறு. வண்டியைத் தன் ஆணைக்குள் வைத்திருக்கத் தெரிவது வேறு. ஆள் நடமாட்டம் குறைந்த மண்சாலையில் இவ்வேறுபாடு புலப்படாது. பேருந்தும் லாரியும் மோட்டார் வண்டிகளும் இடைவிடாது விரையும் இன்றைய நெடுஞ்சாலையிலோ, இக்குறைக்குச் செலுத்தும் கட்டணம் முழங்காலின் தோலோடு நிற்பதில்லை. சில வேளைகளில் அது உயிராகவே ஆகிவிடுகின்றது. ஆகையால், இத்திறன் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது நமக்கெல்லாம் இன்றியமையாதது.

இரண்டே சக்கரங்கள் உள்ள வண்டி கீழே விழாமல் எவ்வாறு செல்கிறது? முதலில் இதனைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமாகக் கையை நகர்த்தினால் குச்சி நிமிர்கின்றது. மிதிவண்டியும் அவ்வாறே நிற்கின்றது. வண்டி வலப்புறம் சாய்ந்தால் கைப்பிடியைச் சிறிது வலப்புறமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாயும் உடலின் அடியில் வந்து சேர்ந்து அதனைத் தாங்கிக்கொள்ளும். கற்கத் தொடங்குபவன் அச்சத்தினால் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றான்; வலப்புறம் சாயும்போது இடப்புறம் திருப்புகின்றான்; விழுகின்றான். பலமுறை விழுந்தபின் அவன் உடல் தானாகவே இவ்வுண்மையைக் கண்டுகொள்கின்றது. நல்ல பயிற்சியாளரோ, விழாமலே அதனைக் கண்டுகொள்ளும் வழியை அமைத்துத் தருகின்றார்.

அவ்வழி மிதிவண்டியின் வரலாற்றிலேயே அமைந்திருக்கின்றது. 1817 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 ஆம் நாள், ஜெர்மனி நாட்டு மான்ஹைம் நகரில், கார்ல் டிரைஸ் என்பவர் தாம் அமைத்த மரத்தாலான இரு சக்கர வண்டியில் ஏறிச் சென்றார். அதில் பெடல் இல்லை, சங்கிலியும் இல்லை. இருக்கையில் அமர்ந்து, இரு கால்களாலும் நிலத்தை உந்தி உந்திச் செல்ல வேண்டும். பெடல்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகே வந்தன. ஆக, மனிதன் மிதிவண்டியில் முதலில் கற்றது மிதித்தல் அன்று; நிலைகொள்ளுதலே ஆகும். இன்று உலகெங்கும் சிறுவர்க்குப் பயிற்சி அளிப்போர் இவ்வரிசையையே பின்பற்றுகின்றனர். இரு பெடல்களையும் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் நிலத்தில் நன்கு பதியுமாறு இருக்கையைத் தாழ்த்தி, குழந்தையை அதில் அமர்த்துகின்றனர். குழந்தை முதலில் நடக்கின்றது. பின்னர்க் காலால் உந்துகின்றது. சில நாட்களில் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு மிதந்து செல்கின்றது. அந்நிலை வந்ததும் பெடல்களை மாட்டிவிடலாம். பெடலைக் கழற்றுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்முகமாக வெட்டப்பட்டிருக்கும். அதனைக் கடிகார முள் செல்லும் திசையில் திருகினால்தான் கழலும்.

பின்சக்கரத்தின் இருபுறமும் சிறு துணைச்சக்கரங்களைப் பொருத்திக் கற்பிக்கும் வழக்கமும் உண்டு. அது குழந்தைக்கு மிதிக்கக் கற்றுத்தரும்; ஆனால் வண்டியைச் சாயவே விடாது. சாயாத வண்டியில் சாய்வைத் திருத்தக் கற்பது எங்ஙனம்? அதுபோலவே, கற்பவரின் கைப்பிடியை நாம் இறுகப் பற்றிக்கொண்டு ஓடுவதும் தவறாகும். தாங்க வேண்டுமெனில் அவருடைய முதுகையோ தோளையோ மெல்லத் தாங்கலாம். கைப்பிடி கற்பவரிடமே இருத்தல் வேண்டும்.

குழந்தை மிதித்து ஓடத் தொடங்கியவுடன் பெற்றோர் மகிழ்ந்து, 'கற்றுக்கொண்டான்' என்று கூறிவிடுகின்றனர். உண்மையில் அப்பொழுதுதான் கல்வி தொடங்குகின்றது. அக்கல்வியின் முதற்பாடம் மெதுவாகச் செல்லுதல். பொங்கல் விழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். கடைசியாக எல்லையை அடைபவரே அதில் வென்றவர். கால் ஊன்றியவர் தோற்றவர். வேடிக்கைக்காக நடத்தப்படும் அப்போட்டியில் ஆழ்ந்த பயன் ஒன்று உண்டு. வேகமாகச் செல்லும் வண்டியில் கைப்பிடியைச் சிறிதே திருப்பினாலும் சக்கரங்கள் விரைந்து உடலின் அடியில் வந்துவிடும்; ஆகவே நிலைகொள்வது எளிது. மெதுவாகச் செல்லும்போது சாய்வை உடனே உணர்ந்து உடனே திருத்த வேண்டும். கண், கை, இடுப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே விழிப்புடன் இருத்தல் வேண்டும். மெதுவில் தேர்ந்தவனுக்கு வேகம் எளிதாகக் கைவரும். வேகம் மட்டுமே பழகியவன் கூட்டத்தில் தடுமாறுவான். தைப்பூசக் காலத்தில் பழனியை நோக்கிச் செல்லும் சாலைகளில் அடியார்கள் அணியணியாக நடந்து செல்வதை அப்பகுதி மாணவர்கள் அறிவர். அந்நாட்களில் பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் ஒருவன், நடப்போரை இடிக்காமலும் சாலையின் நடுவே பாயாமலும் செல்ல வேண்டுமெனில், அவனுக்கு உதவுவது இம்மெதுவின் பயிற்சியே ஆகும்.

அடுத்த பாடங்களுக்கு வேண்டுவன சில கற்களும் ஒரு சுண்ணக்கட்டியும் மட்டுமே. இரண்டு கோடுகளைக் குறுகிய இடைவெளியில் வரைந்து, அவற்றைத் தொடாமல் நடுவே செல்லச் சொல்லலாம். கற்களை வரிசையாக வைத்து, அவற்றினிடையே பாம்பு போல் வளைந்து செல்லச் சொல்லலாம். எட்டு வடிவத்தில் ஓட்டச் செய்தால் இடத்திருப்பமும் வலத்திருப்பமும் ஒருங்கே பழகும். இப்பயிற்சிகளிலெல்லாம் ஒரு விதி உண்டு. கண் எங்குச் செல்கின்றதோ வண்டியும் அங்கே செல்லும். கல்லையே உற்றுப் பார்ப்பவன் கல்லின்மேலேயே ஏறுவான். செல்ல வேண்டிய வழியைப் பார்ப்பவன் கல்லைக் கடந்து செல்வான்.

நிறுத்துதல் ஒரு தனிக் கலை. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவைக் கடக்கின்றார். 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஐந்தரை மீட்டரைக் கடக்கின்றார். குறுக்கே ஓர் ஆடு வருவதைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே ஏறத்தாழ ஒரு நொடி கழிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்க வேண்டிய தொலைவோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகின்றது. உலர்ந்த தரையில், நல்ல பிரேக்கு உள்ள வண்டி, முதற்கூறிய வேகத்தில் இத்தொலைவில் ஒன்றேகால் மீட்டரில் நின்றால், இரண்டாவது வேகத்தில் ஐந்து மீட்டர் கடந்தே நிற்கும். மழைக்காலத்தில் சக்கர விளிம்பு நனைந்திருப்பின் இத்தொலைவு மேலும் நீளும். பின்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் சறுக்கும். முன்பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் ஓட்டுபவர் முன்னே தூக்கி எறியப்படுவார். இரண்டையும் ஒருசேர, படிப்படியாக அழுத்தி, உடலைப் பின்னோக்கிச் சாய்த்துக்கொள்ள வேண்டும். தரையில் ஒரு கோடு வரைந்து, முன்சக்கரம் அக்கோட்டின்மேல் நிற்குமாறு பலமுறை நிறுத்திப் பழகுதல் வேண்டும். மணலிலும் சரளைக் கல்லிலும் கடுமையாகப் பிரேக்குப் பிடித்தலும் கூர்மையாகத் திருப்புதலும் கூடா என்பதையும் மைதானத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

இறுதிப் பாடம் பின்னால் பார்த்தல். வலப்புறம் திரும்ப எண்ணுபவர் முதலில் வலத் தோளின் மேலாகப் பின்னே நோக்க வேண்டும்; வழி இருப்பின் வலக்கையைக் கிடையாக நீட்டிச் சைகை காட்ட வேண்டும்; மீண்டும் ஒருமுறை நோக்கிய பின்னரே திரும்ப வேண்டும். இதில் இடர் யாதெனில், தலை திரும்பும் பக்கமே வண்டியும் விலகிச் செல்லும் என்பதாகும். பின்னே லாரி வரும்போது இவ்விலகல் நேர்ந்தால் என்னாகும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. இதற்குரிய பயிற்சி விளையாட்டுப் போன்றது. ஒருவர் கோட்டின்மேல் வண்டியை ஓட்டிச் செல்ல, பின்னே நிற்கும் தோழர் சில விரல்களை உயர்த்திக் காட்டுவார். ஓட்டுபவர் திரும்பிப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். வண்டியும் கோட்டை விட்டு விலகக் கூடாது. சில வாரங்கள் பழகினால் கழுத்து தனியாகவும் கை தனியாகவும் இயங்கும் திறன் வந்துவிடும்.

இவற்றையெல்லாம் கற்பிக்கப் பெரிய நகரமும் பெரும்பொருளும் வேண்டுமோ என்று சிலர் ஐயுறலாம். வேண்டுவதில்லை. கீரனூர் போன்ற ஊரில் ஒரு மிதிவண்டிக் கழகம் அமைப்பதற்கு ஒரு பள்ளி மைதானமும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரமும், பொறுமையுள்ள பெரியவர் ஒருவரும், ஒரு ஸ்பானரும், காற்றடிக்கும் பம்பும் போதும். ஒவ்வொரு நாளும் வகுப்புத் தொடங்கும் முன்னர்ச் சக்கரத்தில் காற்று, பிரேக்குக் கட்டை, சங்கிலி ஆகிய மூன்றையும் மாணவரே ஆய்ந்து பார்க்க வேண்டும். தலைக்கவசம் அணிய வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர் தோழரின் வண்டியை முறைவைத்து ஓட்டலாம். பத்துப் பேருக்கு நான்கு வண்டிகள் இருப்பினும் வகுப்பு நடக்கும். ஏனெனில், பிறர் ஓட்டும்போது உற்றுப் பார்ப்பதும் கல்வியே.

ஒரு மாவட்டமே ஒருங்கு கூடி மிதிவண்டி கற்ற வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. கீரனூர் என்னும் பெயருடைய மற்றொரு பேரூர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றது. அம்மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவைப் பரப்ப அறிவொளி இயக்கம் நடைபெற்றது. கற்பித்தவர்களிலும் கற்றவர்களிலும் பெண்கள் மிகுதி. ஊர்விட்டு ஊர் செல்ல அவர்களுக்கு ஊர்தி இல்லை. தந்தையையோ கணவரையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. அப்பொழுது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டிப் பயிற்சியை எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். எழுத்துக் கற்றலோடு மிதிவண்டி கற்றலும் இணைந்தது.

கல்லுடைக்கும் தொழிலாளர், வயலில் உழைப்போர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியைகள் எனப் பல திறத்துப் பெண்களும் பயிற்சி முகாம்களுக்கு வந்தனர். தொடக்கத்தில் கேலி மொழிகள் இல்லாமல் இல்லை. பெண் மிதிவண்டி ஓட்டுவது தகாது என்று சிலர் பேசினர். கற்க வந்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1992 ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் ஊர்வலமாகச் சென்றனர். பொது இடங்களில் நடந்த மிதிவண்டிக் காட்சிகளிலும் போட்டிகளிலும் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கு கொண்டனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்குச் சென்று கண்டவற்றை எழுதியுள்ளார். பெண்கள் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே விரும்பியதையும் அவர் குறிப்பிடுகின்றார். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அன்றோ!

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்தனை ஆயிரம் பேருக்குக் கற்பிக்க ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தனர்? கற்றவர்களே ஆசிரியர் ஆயினர். நேற்று நடுங்கிக்கொண்டே வண்டி ஏறியவர் இன்று மற்றொருவரைத் தாங்கிப் பிடித்தார். அவருக்கு அந்நடுக்கம் நன்கு தெரியும். ஆதலால் கடிந்து பேசாமல் கற்பித்தார். கழகம் அமைக்க விரும்பும் சிறுவர்களுக்கும் இதுவே வழி. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஆறாம் வகுப்புச் சிறுவனுக்குக் கோடு வரைந்து காட்டலாம். கற்பிக்கும்போது அவளுடைய திறனும் உறுதிப்படும்.

பிற நாடுகளிலும் இதனைப் பள்ளிக் கல்வியாகவே கருதுகின்றனர். பிரிட்டனில் சிறுவர்க்கான மிதிவண்டித் திறன் தேர்வு 1947 ஆம் ஆண்டில் தொடங்கி, 1958 இல் நாடு தழுவிய திட்டமாயிற்று. நெதர்லாந்தில் தொடக்கப் பள்ளியின் இறுதி வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள், உண்மையான சாலையில் மிதிவண்டி ஓட்டிக் காட்டித் தேர்வு பெறுகின்றனர். விதிகளை ஏட்டில் எழுதிக் காட்டுவது போதாது என்பது அவர்கள் கொள்கை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் கூறியதும் இதனையே.

நம் நாட்டில் மிதிவண்டி கல்வியின் துணைவனாகவும் விளங்குகின்றது. பீகார் மாநிலத்தில் 2006 ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அதனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், அத்திட்டத்தால் உயர்நிலை வகுப்புகளில் சேரும் மாணவியர் தொகை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது என்று கண்டனர். தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென 2001-02 ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் விரிந்து அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மேனிலை வகுப்பு மாணவ மாணவியர் பலருக்கும் பயன்படுகின்றது. பேருந்து வராத சிற்றூரிலிருந்து பள்ளிக்கு வரும் ஒரு மாணவிக்கு அவ்வண்டி வெறும் ஊர்தி அன்று. படிப்பு நின்றுவிடாமல் காக்கும் துணை. ஆயினும், 'சாலையில் லாரி போகின்றது. அஞ்சுகிறேன்' என்று அவள் தாயார் தடுத்துவிட்டால், புத்தம் புதிய வண்டி திண்ணையிலேயே நின்றுவிடும். அத்தாயின் அச்சம் பொய்யன்று. அதனை அறிவுரையால் நீக்க இயலாது. மகளின் திறனைக் கண்ணால் கண்டால்தான் அது நீங்கும். அவள் திரும்பிப் பார்த்து, கை காட்டி, கோட்டின்மேல் நின்று காட்டுவாளாயின், தாயே அவளை வழியனுப்பி வைப்பாள்.

மாணவர்களே! வண்டியை அரசு தரலாம். பெற்றோர் வாங்கித் தரலாம். அதனை ஆளும் திறனை ஒருவரும் விலைக்கு வாங்கித் தர இயலாது. உங்கள் ஊர் மைதானத்தில் ஒரு கோடு வரையுங்கள். அதன்மேல் மெதுவாகச் செல்லவும், உரிய இடத்தில் நிற்கவும், பின்னே நோக்கவும் பழகுங்கள். பழகியபின் உங்களினும் இளையவர் ஒருவரை அழைத்து, அதே கோட்டின்மேல் செல்லக் கற்றுக்கொடுங்கள்.